எல்லார் ஊரையும் காட்டினவர்

அவர் யாரிடமும் முதலில் பெயர் கேட்க மாட்டார். என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்றும் கேட்க மாட்டார். வேனில் ஏறி உட்கார்ந்ததும், முன்னால் தொங்கும் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்த்துக் கேட்பார்:

"காலீல எய்ந்து கதவத் தொறந்தா உங்க ஊர்ல இன்னா தெரியும்?"

மனை வாங்க வந்தவர்கள் பட்டா, ரோடு அகலம், தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்கத் தயாராக வந்திருப்பார்கள். இது அவர்கள் எதிர்பார்த்த கேள்வி இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு மெல்ல ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

மனை விற்கும் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டியவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூர், ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், இடத்தைக் காட்டி, மதியம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார். பேசி விற்பதற்குக் கம்பெனியில் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் விற்றது என்னவோ இவர்தான்.

தம்பி, பாப்பா, இதை அப்பா உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். ஐ.டி.ஐ. படித்துவிட்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மிஷின் ஓட்டுகிறவன் நான். எழுதிப் பழக்கமில்லை. போன வாரம் பாப்பா பள்ளிக்கூடத்துக்காக இயற்கைக் காட்சி வரைந்தாள். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஒரு குடிசை. "இது எந்த ஊருடா?" என்று கேட்டேன். "எந்த ஊரும் இல்லப்பா. இயற்கைக் காட்சின்னா இப்படித்தான் வரையணும்" என்றாள். "நம்ம வீட்டுல இருந்து என்ன தெரியுதோ அத வரையேன்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எதிர் வீட்டு ஏ.சி. பெட்டிதான்ப்பா தெரியுது" என்றாள்.

அப்போது அவர் ஞாபகம் வந்தது. அவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். நானும் ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணே என்பேன், அவர் என்னை நைனா என்பார்.

பூந்தமல்லிக்கு அந்தாண்டை, செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய கிராமத்துக்காரர். நெல்லும் கீரையும் போட்ட குடும்பம். வேனின் முன் கண்ணாடியை ஏனோதானோவென்று துடைப்பார். ஆனால் ஆட்கள் உட்காரும் பக்கத்து ஜன்னல்களை மட்டும் பழைய பேப்பரை நனைத்து, உள்ளும் வெளியும் அழுத்தித் துடைப்பார். கேட்டால், "கண்ணாடி அயுக்கா இருந்தா ஊரே அயுக்காத் தெரியும் நைனா" என்பார்.

தமிழ்நாட்டில் எந்த ஊரைச் சொன்னாலும் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று அவரால் சொல்ல முடியும். ஆனால் அவர் எங்கேயும் போனதில்லை. ஒரே ஒரு தடவை திருப்பதி போயிருக்கிறார். "மல எப்படிண்ணே இருந்துச்சு?" என்று கேட்டேன். "ஏறும்போது கூட்டத்துல நின்னுகினு போனேன், ஒண்ணும் தெர்ல. எறங்கும்போது சீட்டு கெட்ச்சிது, தூங்கிட்டேன்" என்றார். எல்லாம் வேனில் வந்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. புதுக்கோட்டைக்காரரிடம் கேட்ட பொட்டலையும் கண்மாயையும் ராமநாதபுரத்துக்காரரிடம் சொல்லி, "உங்கள்தும் அப்டியா, வேற மாதிரியா?" என்று சரிபார்ப்பார். கோயம்புத்தூர்க்காரர்கள் முதலில் காற்றைச் சொல்வார்கள் என்பார். தர்மபுரிக்காரர்கள் பாறையையும் புளியமரத்தையும் சொல்லிவிட்டு, அது அழகுதானா என்று அவர்களே சந்தேகப்படுவார்களாம்.

கேட்டதோடு விட மாட்டார். அதே மாதிரி ஒரு இடத்தை நம் பக்கத்திலேயே தேடிப் பிடித்து வைத்திருப்பார். திருநின்றவூரில் ஒரு வாய்க்கால் வளைவு, நேமம் பக்கம் ஒரு பனை வரிசை, பட்டாபிராமுக்குப் பின்னால் ஒரு அல்லிக்குளம். சைட்டுக்குப் போகும் வழியில் வேனை அங்கே நிறுத்தி, "தோ, உங்க ஊரு" என்பார்.

ஒருமுறை வேனில் ஒரு தஞ்சாவூர்க்காரரும் ஒரு நாகர்கோவில்காரரும் சேர்ந்து வந்தார்கள். நானும் இருந்தேன். இவர் வழக்கம்போலக் கேட்டுவைக்க, இரண்டு பேருக்கும் சண்டை வந்துவிட்டது.

"எங்க பக்கம் பச்சைன்னா கண்ணு போற வரைக்கும் பச்சை சார். குறுக்க ஒண்ணும் வராது" என்றார் தஞ்சாவூர்க்காரர்.

"அது பாய விரிச்சுப் போட்டது மாதிரில்லா இருக்கும்? எங்க ஊர்ல வயலுக்குப் பொறத்த மலை நிக்கும். நாத்து நடுறதுக்கு முன்ன வந்து பாக்கணும், மலை அப்பிடியே வயல் தண்ணிக்குள்ள தலைகீழா கெடக்கும்" என்றார் மற்றவர்.

"மலை மறைச்சா அந்தாண்ட இருக்கற பச்சை எப்படி சார் தெரியும்?"

"அந்தாண்ட கேரளா. அத நாங்க எதுக்குப் பாக்கணும்?"

வேன் முழுக்கச் சிரிப்பு. இவர் சிரிக்கவில்லை. ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பி உட்கார்ந்து, நீதிபதி மாதிரி சொன்னார்: "தஞ்சாவூரு சார், உங்க பச்ச படுத்துகினு கீது. நாகர்கோயிலு சார், உங்க பச்ச எய்ந்து நின்னுகினு கீது. படுத்தவனையும் நின்னவனையும் பக்கத்துல வெச்சி ஒசரம் பாக்கலாமா?"

இரண்டு பேரும் அடங்கிவிட்டார்கள். கடைசியில் அடுத்தடுத்த மனைதான் வாங்கினார்கள்.

என்னிடமும் முதல் நாள் அதே கேள்வியைத்தான் கேட்டார். நான் கம்பம் பக்கம். கதவைத் திறந்தால் மலைதான். ஆடிக்காற்றில் மலை முழுக்க மேகம் இறங்கி வரும், சாரல் வாசல்வரைக்கும் அடிக்கும் என்று சொன்னேன். அன்றைக்கு எந்த இடத்திலும் எனக்காக வண்டியை நிறுத்தவில்லை. இறக்கிவிடும்போது, "மல ஒண்ணுதான் நைனா நம்மகிட்ட இல்ல" என்றார். தன் வீட்டில் சர்க்கரை இல்லை என்பதைப் போலச் சங்கடத்தோடு சொன்னார்.

புரட்டாசியில் ஒருநாள் போன் வந்தது. "நைனா, மல வந்துகீது. ஷிப்ட் முட்ச்சிகினு ஓடியா."

ரயிலைப் பிடித்து நெமிலிச்சேரியில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் அப்போது வயல்தான். என்னைக் கிழக்கே பார்க்க நிற்கவைத்து, பிறகு தோளைப் பிடித்து மேற்கே திருப்பினார். வானத்தின் அடியில் கருநீலமாக மேகம் திரண்டு நின்றது. மடிப்பும் பள்ளமும் உச்சியுமாக, பின்னாலிருந்து வெயில் பட்டு விளிம்பு மட்டும் மினுங்க, அச்சு அசல் எங்கள் ஊர் மலை. கீழே பனைமரங்கள் அடிவாரம் மாதிரி.

"உங்க மல ஒரே மல. அங்கயே நிக்கும். நம்மள்து தெனம் வேற மல. அவ்ளோதான் வித்யாசம்" என்றார்.

அடுத்த வாரம் அந்த வயலில் ஒரு மனைக்கு நான் ஒப்புக்கொண்டேன். நாம் இருக்கும் இந்த வீடு அதுதான்.

வரிசையில் முதலில் கட்ட ஆரம்பித்த வீடு நம்முடையது. நம் வீடு பூசி முடிவதற்குள், ஆறே மாதத்தில், மேற்கே இரண்டாவது, மூன்றாவது எழும்பிவிட்டன. நம் கிரகப்பிரவேசத்துக்கு வந்த அவர் சாப்பிட்டுவிட்டு நேராக மொட்டைமாடிக்கு ஏறினார். மேற்குப் பக்கச் சுவரோரமாக இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்தார். "தோ, அந்த ரெண்டு ஊட்டுக்கு நடுவால ஒரு வெரக்கட மல தெரியுது பாரு" என்றார். அடுத்த வருடம் அதுவும் இல்லை.

மிச்ச மனைகளைக் காட்ட ஆட்களைக் கொண்டு வரும்போது நம் வீட்டில்தான் தண்ணீர் குடிப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "அண்ணே, நல்லா இருக்குன்னு நீங்க காட்டுறீங்க. நல்லா இருக்கேன்னு நாங்க வாங்குறோம். வாங்கின உடனே அது இல்லாமப் போகுது. ஒங்களுக்கு ஒண்ணும் தோணலையாண்ணே?"

சொம்பைக் கீழே வைத்தார். "தோணாம? இன்னா பண்ண சொல்ற? காட்லன்னா எனக்கு சோறு இல்ல. சரி, நான் காட்டாத எடம் மட்டும் நிக்குதா? அதுவுந்தான் போவுது. ஒருத்தனும் பாக்காமயே போவுது. நான் காட்டனது, ஒரு தபா ஒருத்தன் பாத்துட்டாவது போவுது."

அன்றைக்குச் சாயங்காலம்தான் அவருடைய சொந்த நிலத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அது செம்பரம்பாக்கம் ஏரியின் மேல்பக்கம். அந்தப் பக்கத்தில் கரை கிடையாது. தரை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து தண்ணீருக்குள் போய்விடும். நெல் முடிகிற இடத்தில் புல், புல் முடிகிற இடத்தில் தண்ணீர். சித்திரையில் தண்ணீர் தூரமாகப் போய் மாடு மேயும், மார்கழியில் வரப்புவரைக்கும் வந்து நிற்கும் என்றார். அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவான நிலம். இன்னும் பாகம் பிரிக்கவில்லை.

"இது எந்த ஊரு மாதிரிண்ணே?" என்று கேட்டேன்.

குனிந்து வரப்பில் ஒரு புல்லைக் கிள்ளினார். "அத்தான் நைனா தெர்ல. இத்தினி பேரக் கேட்டுட்டேன். ஒருத்தனும் இந்த மாரி ஒண்ண சொல்லவே இல்ல."

யாரையும் அவர் அங்கே வேனில் கூட்டிவந்ததில்லை.

அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. நாற்று நட ஆள் வருவதில்லை. எல்லாரும் குடோன்களுக்கு மூட்டை தூக்கப் போய்விட்டார்கள். விற்றுவிடலாம் என்று அண்ணன் இரண்டு வருடமாகச் சொல்ல, இவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் கம்பெனி முதலாளியே ஒரு ஆளைப் பிடித்துவிட்டார். தோட்டத்தோடு வீடு கட்டப் பெரிய இடமாகக் கேட்கும் ஒரு அம்மா. ஞாயிற்றுக்கிழமை இவரே வண்டியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அண்ணன் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார்: "அந்தம்மாவுக்குப் புடிக்கலன்னா சரி, நான் கண்ண மூடற வரிக்கும் வித்துடுன்னு சொல்ல மாட்டேன். புடிச்சுதுன்னா நீ கையெய்த்துப் போடணும்."

சனிக்கிழமை சாயங்காலம் இவர் என்னிடம் வந்தார். "நைனா, நீயும் வேன்ல வர்ற. நீயும் மனை பாக்க வந்த ஆளு. நா ஒரு கொற சொன்னா நீ ரெண்டு கொற சொல்லணும்."

"என்ன சொல்லணும்ணே?"

"மழைக்கு மொழங்கால் தண்ணி நிக்கும், அத்த சொல்லு. பாம்பு சொல்லு. எறங்கினதும் மொதல்ல மூக்கப் புடி."

"எதுக்குண்ணே?"

"நாத்தம் அடிக்குதுன்னு."

"அங்க நாத்தமே அடிக்கலையேண்ணே."

"அடிச்சா நீ இன்னாத்துக்கு நைனா? அந்தம்மாவே புடிச்சிக்கும்."

அந்த அம்மா அம்பாசமுத்திரத்துக்காரர், ஆற்றங்கரை ஊர். ஐ.டி.யில் பெரிய வேலை. ஊரில் இருக்கும் அப்பாவையும் அம்மாவையும் கொண்டுவந்து கூட வைத்துக்கொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தார். தன்மையான பெண். அன்றைக்கு இவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவே இல்லை. ஜன்னலையும் துடைக்கவில்லை. மார்கழி மாதம், காலை நேரம். நான் இறங்கியதும் மூக்கைப் பிடித்தேன்.

"சளியா சார்?" என்று அந்த அம்மா அக்கறையாகக் கேட்டார்.

நான் மூக்கை விடாமலே தலையாட்டினேன். இவர் முந்திக்கொண்டார். "தண்ணி நிக்கும்மா இங்க. வெளக்கு வெச்சா ஒரே பூச்சி. சாரப்பாம்பு, கட்டுவிரியன்லாம் சர்வ சாதாரணம். வயசானவங்கள வெச்சிகினு அவசரத்துக்கு ஒரு ஆட்டோ வராது." சொல்லச் சொல்ல அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

அந்த அம்மா நின்றபடியே ஒரு சுற்று பார்த்தார். "சரிண்ணே. வேற இடம் காட்டுங்க" என்று வேனைப் பார்த்து நடந்தார்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. நிலம் தப்பித்துவிட்டது. இவர் வேன் கதவில் கை வைத்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது.

ஏறப்போன அந்த அம்மா சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்: "வசதி இல்லாட்டாலும் பாக்கவாது நல்லா இருக்கும்னு நெனச்சேன். ஒண்ணுமே இல்லையே. தண்ணி தேங்கினா இங்க ஏரிங்காங்க, புல்லு மொளச்சா வயலுங்காங்க. எங்க ஊர்லனா இதத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம்."

கதவில் வைத்த இவர் கை அப்படியே நின்றது.

வேண்டாம் அண்ணே, விட்டுவிடுங்கள் என்று மனசுக்குள் சொன்னேன்.

"இன்னாம்மா சொன்ன?" என்றார். குரல் மாறிவிட்டது. "ஒண்ணும் இல்லையா? நின்னுகினு பாத்தா இன்னாம்மா தெரியும்? வா இங்க. வா, குந்து. இந்த வரப்புல குந்து."

அந்த அம்மா பயந்துபோய், அவர் காட்டிய இடத்தில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தார். இவரும் பக்கத்தில் குந்தினார்.

"இப்ப பாரு. எது வயலு, எது ஏரி, சொல்லு பாக்கலாம்."

நெற்கதிர் நுனி கண் மட்டத்துக்கு வந்ததும் புல்லும் தண்ணீரும் அதற்குள் போய் ஒளிந்துகொண்டன. எங்கே நெல் முடிகிறது, எங்கே ஏரி தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் தண்ணீரில் நின்ற நாரைகள் கதிர்மேலேயே நடப்பது போல் இருந்தது. காற்று அடித்தபோது ஒரே அலை தண்ணீரில் கிளம்பி, நெல்லுக்குள் வந்து, எங்கள் முகம்வரைக்கும் வந்து முடிந்தது.

"உங்கள்து ஆறும்மா. ஸோக்கா இருக்கும், நா இல்லன்னு சொல்லல. ஆனா அது போய்க்கினே கீது. ஒரு நிமிஷம் நில்லுன்னா நிக்காது. இது நிக்குது பாரு. நம்மளப் பாத்துகினு நிக்குது. நீ இன்னும் கொஞ்சம் குனி. தோ, இப்ப அக்கரை தெரியுதா, மை இட்ட மாரி?"

அந்த அம்மா போனை எடுத்தார். அப்பாவைக் கூப்பிட்டு, போனை வயல் பக்கம் திருப்பித் தாழ்த்திப் பிடித்தார். "அப்பா, தெரியுதா? இருங்க, அசைக்காம பிடிக்கேன், பாருங்க" என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

"இதையே எடுத்துக்கிடுதோம்ணே."

அவரை ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டோம். இறங்கும்போது அந்த அம்மா கைகூப்பினார். இவரும் கும்பிட்டார். வேன் கொஞ்ச தூரம் போனதும் ஓரமாக நிறுத்தினார்.

"ஏன் நைனா, நீயாவது வாயத் தொறந்துருக்கலாம் இல்ல? மழைக்குத் தண்ணி நிக்கும்னு ஒரு வார்த்த?"

"நானும் குத்தவச்சுட்டேன்ண்ணே" என்றேன்.

என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். தலையைத் தூக்கியபோது சிரிப்பு இல்லை.

"அந்தம்மா மேல தப்பு இல்ல. புடிச்சிது, வாங்குது. புடிக்காதவன் வாங்குனா இத்தவிட கேவலமாத்தான் வெச்சிப்பான்." வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "ஆனா புடிச்சவங்களும் மதில் கட்டாம இருக்க முடியாது இல்ல?" என்றார்.

வீட்டைக் கட்டி மலையை மறைத்தவர்களில் நானும் ஒருவன்.

கையெழுத்தானது. மாசி மாதம் அளந்து கல் நட வேண்டும் என்று போன் செய்தார். "டேப்பு புடிக்க ஒரு ஆளு வோணும். வேற யாரையாவது கூட்டுகினு போனா எனக்குத் தாங்காது. வரியா நைனா?" லீவு போட்டுவிட்டுப் போனேன். அந்த அம்மா தன் அப்பா அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். அளக்கிறவர் அடி சொல்லச் சொல்ல, டேப்பின் ஒரு முனையை இவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். கல் நடும் இடத்தில் எல்லாம் சுண்ணாம்பு போட்டார்கள்.

வரப்பில் அந்த மூன்று பேரும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். மகள் கையை நீட்டி ஏதோ காட்ட, அந்தப் பெரியவர் கழுத்தைத் தாழ்த்தித் தாழ்த்திப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் நான்கு மூலையையும் நின்றபடியே அளந்து முடித்தோம்.